டோவி நிறுத்தின இடம்

என் தங்கச்சி டோவி மேல எனக்குப் பொறாமை. மூடி மறைச்சு என்ன ஆகப்போகுது, எங்க பள்ளத்தாக்குல மூணு மைலுக்கு உள்ள அத்தனை வீட்டுக்கும் தெரிஞ்ச விஷயம். நான் கடையில சர்க்கரை வாங்க நிக்கும்போது ரேடியோவுல அவ பாட்டு வந்துட்டா, கடைக்காரர் என் மூஞ்சியை ஒரு பார்வை பார்த்துட்டு சத்தத்தைக் குறைச்சிடுவாரு. அவ்வளவு பேர் போன பொறாமை.

அது எங்கேர்ந்து ஆரம்பிச்சதுன்னு சொல்றேன்.

எங்க அப்பா ஹோபர்ட் காம்ஸ் கென்டக்கி மலையில நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்தாரு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுக்கிறவரும் அவருதான். எங்க சர்ச்சுக்குள்ள பியானோ, கிட்டார் எதுவும் வரக்கூடாது. பாட்டுப் புத்தகம் அப்பா கையில மட்டும்தான் இருக்கும். அவரு ஒரு வரியை வேகமாச் சொல்லிட்டு நிறுத்துவாரு, நாங்க அதை வாங்கி இழுத்துப் பாடுவோம். மறுபடி அவரு, மறுபடி நாங்க. பொறந்ததுலேர்ந்து அப்படியே கேட்டு வளர்ந்தவங்க நாங்க. ஒரு வரி பாடினா நிறுத்தி, அடுத்தவங்க வாங்கிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்னு எங்க ஒடம்புக்கே தெரியும். இதை ஞாபகம் வச்சுக்குங்க.

வீட்டுப் பாட்டுன்னு எங்களுக்கு ஒண்ணு இருந்துச்சு. அம்மா கட்டின பாட்டு. சாயங்காலம் சுரங்கத்துச் சங்கு ஊதினப்புறம், ராத்திரி ரொட்டிக்கு மாவைப் பிசைஞ்சுகிட்டே அம்மா பாடுவாங்க.

"விளக்கு எரியுது, அடுப்பு எரியுது,
மலையை விட்டு இருட்டு எறங்குது,
யாரது என் வாசலிலே?"

அங்க நிறுத்துவாங்க. அப்பா வாசல் தாழ்வாரத்துல நின்னு, மூஞ்சியெல்லாம் கரி, கண்ணு மட்டும் வெள்ளையா, சர்ச்சுக் குரல்ல பதில் கொடுப்பாரு:

"நான்தான், கதவைத் திற."

அவ்வளவுதான் பாட்டு. மூணு கேள்வி, மூணு பதில். புருஷன் உசிரோட வீடு வந்து சேர்ந்துட்டான்ங்கிற சந்தோஷப் பாட்டு. அதைக் கேட்டா நாங்க தண்ணித் தொட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம், அப்பா குளிக்க.

அம்மா செத்தப்போ எனக்குப் பதிமூணு, டோவிக்கு ஒம்பது. ஒரு மாசம் அந்தப் பாட்டை யாரும் தொடல. அப்புறம் ஒரு நாள் டோவி அடுப்புகிட்ட நின்னு சும்மா முணுமுணுத்தா. அப்பா கையில இருந்த காபிக் கோப்பையை மேசை மேல வச்சுட்டு, "உங்கம்மா குரல் அப்படியே உனக்கு வந்திருக்குடி"ன்னாரு.

நான் அங்கதான் நின்னுகிட்டிருந்தேன். மூத்தவ நான். அம்மா போன நாள்லேர்ந்து அந்த அடுப்புல வெந்தவ நான், அவளுக்குத் தலை பின்னி விட்டவ நான். அம்மாவோட குரல் மட்டும் அவளுக்கு. அன்னிக்குப் பத்தின தீ இது.

அப்பாவுக்கு நெஞ்சுல கரித்தூசி அடைச்சு, ஒரு மூச்சுல ஒரு வரி சொல்ல முடியாமப் போனப்போ, அவரோட பதிலை என்கிட்ட கொடுத்தாரு. "நீ மேல புடிச்சுப் பாடு மின்டி. அவ கேக்கட்டும், நீ சொல்லு." அப்படித்தான் நாங்க ரெண்டு பேரும் பாட ஆரம்பிச்சோம். பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்க, பொம்பளைங்க சுட்ட பழப் பணியாரத்தை ஏலம் விடுற ராத்திரி விருந்துல பாடினோம். அப்புறம் டவுன்ல இருக்குற சின்ன ரேடியோ நிலையத்துல, சனிக்கிழமை காலையில, தீவனக்கடை விளம்பரத்துக்கு நடுவுல பதினஞ்சு நிமிஷம். அப்பா கேட்டலாக் பார்த்து வரவழைச்ச கிட்டாரை டோவி வாசிப்பா. காம்ஸ் சிஸ்டர்ஸ்னுதான் சொல்லுவாங்க. நான் பள்ளிக்கூடச் சமையக்கட்டுல வேலைக்குச் சேர்ந்து, பள்ளி பஸ் ஓட்டுற எஸ்டிலைக் கட்டிக்கிட்டு, ரெண்டு பொண்ணுங்களப் பெத்தப்புறமும் ஒரு சனிக்கிழமை விட்டதில்ல.

அறுபத்தொண்ணாம் வருஷம் மார்ச் மாசம் நாஷ்வில்லேர்ந்து ஒரு கடுதாசி வந்துச்சு. ப்ரூயிட்னு ஒருத்தர், ரெக்கார்டு போடுற கம்பெனிக்காரர். காருல போகும்போது எங்க பாட்டைக் கேட்டிருக்காரு. உறைக்குள்ள ரெண்டு பஸ் டிக்கெட். டோவி குதிச்சுகிட்டு என் வீட்டுக்கு ஓடி வந்தா.

"அக்கா, கிளம்பு. ரெண்டு பேருக்கும் டிக்கெட்."

நான் கடுதாசியை வாங்கி நிதானமாப் படிச்சேன். மேல "மிஸ் டோவி காம்ஸுக்கு"ன்னு இருந்துச்சு. கீழ, "பின்னாடி பாட உங்க அக்காவையும் கூட்டிட்டு வரலாம்"னு இருந்துச்சு.

"ரெக்கார்டு மேல யார் பேரு இருக்கும்?"ன்னு கேட்டேன்.

அவ மூஞ்சி மாறுச்சு. "என் பேரு மட்டும்தான் போடுவாங்களாம். அது அவங்க வழக்கம் போல. அதுக்கென்ன, பாடுறது நாம ரெண்டு பேரும்தானே."

அதுக்கென்னவாம். எனக்கு வயிறு எரிஞ்சுது. பின்னாடி பாட வரலாமாம், வரலாம், ஏதோ ஞாயித்துக்கிழமை விருந்துக்குப் பூனைக்குட்டியையும் கூட்டிட்டு வரலாம்ங்கிற மாதிரி. வெளிய மட்டும், "பார்க்கலாம்"னேன்.

கிளம்புறதுக்கு அஞ்சு நாள் இருக்கும்போது, பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் தட்டம்மைன்னு ஊர்ல சொல்லிட்டேன்.

இல்லவே இல்ல. கல்லு மாதிரி இருந்தாங்க ரெண்டு பேரும். எங்க ஊர்ல தட்டம்மைன்னா கண்ணு கெடாம இருக்கப் புள்ளைங்களை இருட்டுலதான் வைக்கணும். அதனால ஜன்னல்ல எல்லாம் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, ரெண்டையும் உள்ள போட்டு அடைச்சேன். சின்னவ ட்வைலாவுக்கு ஆறு வயசு, பெரியவ ரெண்டாவுக்கு எட்டு. "ஊர்ல அம்மை பரவுது, வெளிய போனா ஒட்டிக்கும்"னு பயமுறுத்தி வச்சேன். அஞ்சு நாள் அவங்க பண்ணின அட்டகாசத்துல எனக்கே அம்மை வந்திருக்கணும். எஸ்டில் ஜன்னல்ல தொங்கின போர்வையைப் பார்த்துட்டு, "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற மின்டி"ன்னாரு. "உங்க வேலையைப் பாருங்க"ன்னேன்.

கிளம்புற அன்னிக்குக் காலையில டோவி வந்து கதவைத் தட்டினா.

நான் அசையல.

"அக்கா, நான்தான், கதவைத் திற."

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு, "உள்ள வராத, ஒட்டிக்கும். உன் குரல் போயிடும், கிளம்பு"ன்னேன். அவ கொஞ்ச நேரம் தாழ்வாரத்துல நின்னா. பலகை கிறீச்சுங்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் படியிறங்கிப் போயிட்டா. பாட வேண்டிய எடத்துல நான் இல்லாமப் போனா அந்த ரெக்கார்டு கெட்டுப்போகும்னு நெனச்சேன். அந்த நெனப்பு எனக்கு இனிச்சுது. இதையும் சொல்லித்தானே ஆகணும்.

அங்க நடந்ததை அவ அப்பாவுக்கு எழுதின கடுதாசியில தெரிஞ்சுகிட்டேன். அப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, நான்தான் படிச்சுக் காட்டணும். இது என்ன கொடுமை பாருங்க.

"பதினோரு தடவை பாடினேன்பா. ஒவ்வொரு தடவையும் 'யாரது என் வாசலிலே'ன்னு கேட்டுட்டு நின்னுடுறேன். நிக்காதம்மா, போய்கிட்டே இருன்னு ப்ரூயிட் சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கையாட்டுறாரு. என்னால முடியல. மூணு பொண்ணுங்களை நிக்க வச்சு பதில் பாடச் சொன்னாங்க. நல்லாத்தான் பாடினாங்க. ஆனா வழி தப்பி வந்த யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருந்துச்சு. எனக்கு பாட்டே ஓடல. கடைசியில, நிக்கிறதுன்னா நில்லு, அப்படியே பதிஞ்சிடலாம்னு சொல்லிட்டாங்க."

அப்பா சிரிச்சாரு, சிரிப்பு இருமலாச்சு. "சர்ச்சுப் புள்ளை. வேற என்ன பண்ணுவா"ன்னாரு.

ஆகஸ்டு மாசம் ரெக்கார்டு வந்துச்சு. முதல் தடவை நான் அதைக் கேட்டது பள்ளிக்கூடச் சமையக்கட்டுல. மக்காச்சோள ரொட்டிக்கு மாவு கலக்கிட்டு இருந்தோம். கிட்டார் வந்துச்சு, அம்மா குரல்ல அவ வந்தா. "யாரது என் வாசலிலே?" அப்புறம் ஒண்ணுமில்ல. கிட்டார் கூட இல்ல. ஆறு நொடி இருக்கும். அந்த ஆறு நொடியும் ரேடியோவுல உஸ்ஸுனு ஒரு காத்து மட்டும். அப்புறம் அவ அடுத்த வரியை எடுத்தா.

என் பக்கத்துல நின்ன ஃப்லோசி கரண்டியைக் கீழ போட்டுட்டு அழுதா. அவ புருஷன் சுரங்கத்துல கூரை விழுந்து செத்தவன். அந்தப் பக்கம் இன்னொருத்தி ஏப்ரனால கண்ணைத் துடைக்கிறா. ரேடியோக்காரன் சொல்றான்: "வாசல்ல யாரும் இல்ல நேயர்களே. அவன் வரல. இனி வரவே மாட்டான்."

அப்பதான் எனக்கு உறைச்சுது. பதில் இல்லாததால பாட்டே வேற பாட்டா ஆகிடுச்சு. வீட்டுக்கு வந்தவன் பாட்டு, வராதவன் பாட்டா ஆகிடுச்சு. கென்டக்கியிலேர்ந்து டெக்சஸ் வரைக்கும் எல்லாரும் அந்த ஆறு நொடிக்குத்தான் அழுதாங்க. நான் போயிருந்தா? நல்ல குடும்பப் பாட்டு, நாலு பேர் வாங்கியிருப்பாங்க, தீவனக்கடை அளவோட முடிஞ்சிருக்கும். நான் அவளைக் கெடுக்கப் பண்ணின காரியம் அவளை ஏணி வச்சு ஏத்தி விட்டுடுச்சு.

அந்த வயித்தெரிச்சலை நான் யார்கிட்ட சொல்ல? பத்திரிகையில எழுதுறான், "டோவி காம்ஸின் மௌனம்"னு. வாயைத் திறக்காம நின்னதுக்கு அவளுக்குப் பேரு. நிஜத்துல வாயைத் திறக்காம இருந்தவ நான். எனக்கு எவன் மாலை போட்டான்? ஒரு வருஷத்துக்குள்ள அவளுக்குச் சிவப்புக் கார், ஜிகினா வச்ச சட்டை, வாரத்துக்கு நாலு ஊர். எனக்கு முந்நூறு புள்ளைங்களுக்குப் பீன்ஸ். எஸ்டில் ஒரு நாள், "உன் தங்கச்சிதானே, சந்தோஷப்படேன்"னாரு. அன்னிக்கு அவருக்கு ரொட்டி கருகின பக்கம்தான்.

அறுபத்துமூணு குளிர்காலத்துல அப்பா போயிட்டாரு. பனியில ரோடு அடைச்சு, டோவியால அடக்கத்துக்கு வந்து சேர முடியல. அடுத்த வருஷம் மே மாசக் கடைசி ஞாயிறு, நாங்க கல்லறைகளுக்குப் பூ வைக்கிற நாளுக்குத்தான் வந்தா.

வர்றான்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்கு ஒரே நெனப்பு. பாடச் சொல்லி ஊரே கேக்கும். அப்ப அவ என்னைக் கூப்பிடுவா. நான் மாட்டேன்னு சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு கூட தயார் பண்ணி வச்சிருந்தேன்: "தொண்டை கட்டியிருக்குடி, நீதான் தனியாவே நல்லாப் பாடுறியே." பாத்திரம் கழுவும்போது இதை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன்னு கணக்கில்ல.

அவ சனிக்கிழமை மத்தியானம் வந்தா. கட்டிப் புடிச்சா. ரெண்டு பேரும் உக்காந்து க்ரேப் காகிதத்துல ரோஜா சுருட்டி, மழைக்கு நனையாம மெழுகுல முக்கி எடுத்தோம். புள்ளைங்களப் பத்திக் கேட்டா, எஸ்டில் முதுகுவலியைக் கேட்டா. பாட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் மலை மேல ஏறி, அப்பா அம்மா கல்லறையில புல்லைச் சொரண்டி, மண்ணை மேடாக் குவிச்சு, பூ வச்சோம். அப்பவும் கேக்கல. முடியாதுன்னு சொல்றதுக்குக் கூட எனக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க மாட்டேங்கிறாளேன்னு எனக்கு ஆத்திரமா வந்துச்சு.

பிரசங்கம் முடிஞ்சதும் வெஸ்டா அத்தை ஆரம்பிச்சாங்க. எங்க அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தம், எண்பது வயசு, வாய் மட்டும் இருபது. "டோவி, உங்கப்பன் காலடியில நின்னு அந்தப் பாட்டைப் பாடும்மா. நாங்க நேர்ல கேட்டதே இல்ல." ஒரு அறுபது பேர் கூடிட்டாங்க. டோவி கிட்டாரை எடுத்தா. என் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கல. நான் பல்லைக் கடிச்சுகிட்டு ரெண்டாவது வரிசையில நின்னேன். செத்தாலும் வாயைத் திறக்கிறதில்லன்னு முடிவு பண்ணினேன்.

"விளக்கு எரியுது, அடுப்பு எரியுது..."

அவ ஊரைப் பார்த்துப் பாடல. அப்பா கல்லறையைப் பார்த்துப் பாடினா. "யாரது என் வாசலிலே?"

நிறுத்தினா. அறுபது பேரும் தலையைக் குனிஞ்சாங்க. சின்னப் புள்ளைங்க கூட குனியுது. ரேடியோ கேட்டுக் கேட்டு, அங்க குனியணும்னு ஊருக்கே பழகிப் போச்சு. அந்த ஈர மண்ணு, மெழுகு ரோஜா, அப்பா பேரு வெட்டின கல்லு. அது அப்பாவோட வரி. அவருக்கு மூச்சு பத்தாமப் போனப்போ என்கிட்ட கொடுத்த வரி. அதை நான் சொல்லலேன்னா அவரு வேலையிலேர்ந்து திரும்பவே இல்லன்னு ஆயிடும். தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க.

"நான்தான், கதவைத் திற."

குரல் கீச்சுன்னு மேல போய் ஒடைஞ்சுது. அதே நேரம் டோவி பழக்கத்துல அடுத்த வரியை எடுத்துட்டா, ரெண்டும் மோதி அலங்கோலமாச்சு. அறுபது தலை நிமிர்ந்து என்னை முறைச்சுது.

"ஷ்ஷ்," வெஸ்டா அத்தை. "மின்டி, அழகான எடத்துல வந்து பாட்டைக் கெடுக்குறியேடி. உனக்கு ஏன் இந்தப் பொறாமை?"

எனக்குக் கல்லறைக்குள்ள இறங்கிடலாம்போல இருந்துச்சு. எங்கம்மா பாட்டு, எங்கப்பா வரி, என்னைப் போயி ஷ்ஷ்ங்கிறாங்க. டோவி கிட்டார் கம்பி மேல கையை வச்சு அடக்கினா.

"அத்தை, அது அவ வரி"ன்னா. அவ்வளவுதான். மறுபடி மொதல்லேர்ந்து எடுத்தா. இந்தத் தடவை என்னைப் பார்த்துக் கேட்டா, நான் சொன்னேன். மூணு கேள்வி, மூணு பதில்.

உண்மையைச் சொல்றேன், ஒருத்தரும் அழல. பின்னாடி ஒரு கிழவர் காலால தாளம் போட்டாரு. ட்வைலா கைதட்டினா. சாப்பாட்டு மேசைக்குப் போகும்போது வெஸ்டா அத்தை யார்கிட்டயோ சொல்லிட்டுப் போனாங்க, "எதுவும் சொல்லு, ரெக்கார்டுலதான் நல்லாயிருக்கு." எனக்கு மறுபடி எரிஞ்சுது. ஏன்னா அது நிஜம்.

மரத்தடி மேசையில கோழியும் மாவுருண்டையும் போட்டுகிட்டு உக்காந்தேன். டோவி தட்டை எடுத்துட்டு வந்து என்னை ஒட்டி உக்காந்தா. எதிர்ல என் பொண்ணுங்க.

"ஏன்டி நேத்தே என்னைக் கூப்பிடல?"ன்னு கேட்டேன். கேக்கக் கூடாதுன்னு நெனச்சும் வந்துடுச்சு.

"ஒரு தடவை கூப்பிட்டேனே. நீதான் கதவைத் திறக்கல." அவ மாவுருண்டையை மென்னுகிட்டே சொன்னா. "மறுபடி கூப்பிட்டு, மறுபடி நீ திறக்கலேன்னா, எனக்குத் தாங்காது."

"அன்னிக்குப் புள்ளைங்களுக்கு..."

"அம்மை வரவே இல்ல சித்தி," எதிர்லேர்ந்து என் பெரியவ ரெண்டா சொன்னா. "எங்களுக்கு ஒண்ணுமே இல்ல. அம்மா சும்மா இருட்டுல போட்டு அடைச்சு வச்சிருந்தாங்க, அஞ்சு நாள்."

"தெரியும் கண்ணு. நான் வெளிய நின்னப்போ நீங்க ரெண்டு பேரும் உள்ள கட்டில்ல குதிச்சுச் சிரிச்சுகிட்டு இருந்தீங்க." டோவி என் பக்கம் திரும்பினா. சிரிக்கல. "ஸ்டூடியோவுல நான் பதினோரு தடவை நின்னேன்னு அப்பாவுக்கு எழுதினேன்ல? அந்த வரி வர்றப்பல்லாம் எனக்கு உன் வீட்டுக் கதவுதான் தெரிஞ்சுது. உள்ள நீ நிக்கிறது தெரியுது, திறக்க மாட்டேங்கிற. அந்த ரெக்கார்டுல நீ இல்லன்னா நெனச்சுகிட்டு இருக்க? அந்த ஆறு நொடியும் நீதான்க்கா. என் பாட்டுல ஊரு அழுதது உனக்காகத்தான்."

மூணு வருஷமா நான் எந்த ஆறு நொடியைப் பார்த்து எரிஞ்சேனோ, அதுல நானே உக்காந்திருந்திருக்கேன். கதவை அடைச்சுகிட்டு, வாயைப் பொத்திகிட்டு, நாடு முழுக்கக் கேக்குற மாதிரி.

அவ தன் தட்டுல இருந்த கோழிக்காலை எடுத்து என் தட்டுல வச்சா. சின்ன வயசுல எனக்குத்தான் கால் புடிக்கும்னு அவளுக்குத் தெரியும்.

"சொல்லு"ன்னா. "தட்டம்மை சரியாயிடுச்சா?"

"எறங்கிடுச்சு"ன்னேன். அப்புறம், பொய் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்லன்னு தோணுச்சு. "ஆனா அரிப்பு இன்னும் இருக்குடி."

"சொறியாம இரு அக்கா," டோவி சொன்னா. "தானாப் போயிடும்."